மேல் தட்டுக் கெட்டில்

கறுப்பு மையில்தான் எழுத வேண்டும் என்று உங்கள் ஊனமுற்றோர் உதவித்தொகைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறீர்கள். நான் எப்போதும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இதற்காகவே இழுப்பறையில் ஒரு பேனா தனியாக இருக்கிறது. அதை வேறு எதற்கும் தொடுவதில்லை, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்குக்கூட.

முதல் படிவம் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. என் கணவர் நெவில் சன்னலோர நாற்காலியில், முதுகுக்கு மூன்று தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இதே மேசையில்.

"அரை லிட்டர் பால் டப்பாவத் தூக்கி வேற எடத்துல வைக்க முடியுமான்னு கேக்குறாங்க."

"எங்க வைக்கணுமாம்?"

"அது போடல."

"பக்கத்து வீட்டுலன்னா முடியாதுன்னு எழுது. நம்ம வீட்டுலன்னா யார் வாங்கின பால்னு பாத்துச் சொல்றேன்."

"நெவில், இது சர்க்கார் படிவம்."

"அதான் சொல்றேன். சர்க்காருக்கு என் பால் மேல இவ்வளவு அக்கறைன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே லாரிலேருந்து விழுந்திருப்பேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டு அழுதார். அந்த முதல் படிவத்தில் எல்லாமே எந்த முயற்சியும் இல்லாமல் உண்மையாக இருந்தது.

நெவில் லாரி ஓட்டியவர். எங்கள் துறைமுக ஊரான கிரிம்ஸ்பியிலிருந்து ஸ்பெயினுக்கு மீன், திரும்பும்போது ஆரஞ்சு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம், சரக்கு ஏற்றும் இடத்தில் லாரியின் பின்பலகையிலிருந்து விழுந்தார். முதுகுத்தண்டில் ஒரு வட்டு நழுவி, வலது தோளும் கையும் பலம் போயின. அதன் பிறகு நாலு படிவம் வந்திருக்கிறது, இதையும் சேர்த்து. முதல் மூன்றையும் நிரப்பியது நான். "படிவத்தை வேறொருவர் நிரப்பினால் காரணம் சொல்லவும்" என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரே வரிதான்: கணவருக்குக் கை நடுங்கும்.

கடைசிக் கட்டத்தில் "வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தடவை எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. கட்டம் போதவில்லை என்பதால் தனித்தாள் சேர்த்திருக்கிறேன். நீங்கள் கேட்டபடி ஒவ்வொரு தாளின் தலையிலும் அவருடைய பெயரும் எண்ணும் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிவத்தில் நான் ஒரு பொய்கூட எழுதியதில்லை. கையெழுத்துக்கு மேலே "நான் தந்த விவரங்கள் உண்மை" என்று ஒரு வரி அச்சடித்திருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் அவருடைய கிறுக்கல் கையெழுத்தை வாங்குவேன். நான் மெத்தடிஸ்ட் சபையில் வளர்ந்தவள். சூது என்று பள்ளிக்கூட விழாவில் குலுக்கல் சீட்டுக்கூட வாங்கமாட்டோம்.

இந்த விஷயத்தில் எனக்கு அனுபவமும் உண்டு. செவ்வாய்க்கிழமைதோறும் நூலகத்தில் ஆலோசனை மேசை போட்டு உட்காருகிறேன். இந்தத் தெருவில் பாதிப் பேருடைய படிவம் என் கையெழுத்தில் உங்களிடம் வந்திருக்கும். வருபவர்களிடம் நான் சொல்வது இரண்டே விஷயம். நல்லா இருக்கிற நாளை எழுதாதீங்க, மோசமான நாளை எழுதுங்க. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வையுங்க. ஆனால் மோசமான நாளை எழுத, வீட்டில் ஒரு மோசமான நாள் இருக்க வேண்டும்.

இரண்டாவது படிவம் வந்தபோது அதுதான் சிக்கலாகிவிட்டது. நெவில் தேறிக்கொண்டிருந்தார்.

அணிந்திருக்கும் கோட்டின் மேல் பையில் எதையாவது வைக்கும் அளவுக்குக் கையை உயர்த்த முடியுமா என்று ஒரு கேள்வி இருக்கிறதல்லவா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தன் பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, குறுக்கெழுத்துப் பென்சிலை எடுத்து மேல் பையில் செருகினார். எடுத்தார், மறுபடி செருகினார்.

"பாத்தியா கிளெண்டா. மந்திரவாதி."

"பாத்தேன். முனை துணியக் கிழிச்சிடப் போகுது."

"படிவத்த இங்க குடேன்," என்று பேனா பக்கம் கையை நீட்டினார்.

"உன் கை நடுங்குது, பாரு."

அவர் தன் கையைப் பார்த்தார். நான் சொல்லும்வரை அது நடுங்கிக்கொண்டிருந்ததா என்று எனக்குத் தெரியாது. சொன்ன பிறகு நடுங்கியது. "சரி, எழுது, எழுது," என்று கையை மடக்கிக்கொண்டார். அதற்கப்புறம் படிவம் வரும்போதெல்லாம் பேனாவை ஒரு பார்வை பார்ப்பார், வாயைத் திறப்பார், "எழுது, எழுது" என்பார். அவ்வளவுதான்.

மறுநாள் அந்தக் கோட்டை நன்கொடைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவருக்கு மேல் பை வைத்த கோட்டு வேறு கிடையாது. இல்லாத பையில் யாராலும் எதையும் வைக்க முடியாது. "முடியாது" என்ற இடத்தில் குறி போட்டேன், மனசாட்சி உறுத்தவில்லை.

அதற்கு அடுத்த கேள்வி, எதையோ எட்டி எடுப்பதுபோலத் தலைக்கு மேலே கையைத் தூக்க முடியுமா என்பது. கெட்டில் அப்போது அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் நெவில் எனக்குத் தேநீர் போட ஆரம்பித்திருந்தார். மகா மோசமான தேநீர், இரண்டு சர்க்கரை, மிதக்கிற பால். கெட்டிலைத் தூக்கி மேல் தட்டில் வைத்தேன். சுவர் ஈரம், பிளக் நனைகிறது என்றேன். அவர் ஒரு தடவை எட்டி எடுக்கப் பார்த்தார். தோளில் ஏதோ சுளுக்கி முகம் வெளுத்துவிட்டது. அதையும் உள்ளது உள்ளபடி எழுதினேன். ஏழு வருஷமாக ஒரு நாளைக்கு நாலு தடவை முக்காலி போட்டு ஏறி அந்தக் கெட்டிலை இறக்குகிறேன். எனக்கு மட்டும் சுலபமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

இதெல்லாம் உங்கள் பணத்துக்காக என்று தோன்றலாம். இல்லை. அவர் லாரி ஓட்டியபோது எங்களுக்கு இன்னும் வசதி.

அவர் விழுந்த அன்று மருத்துவமனை வாசலில், லாரிக் கொட்டகை மேற்பார்வையாளர் நெவிலின் பயணப் பையை என்னிடம் கொடுத்தார். ஸ்பெயின் போய் வர ஐந்து நாள். வழக்கமாக ஐந்து சட்டை வைத்து அனுப்புவேன். பை கனத்தது. வீட்டுக்கு வந்து திறந்தேன். பதினோரு சட்டை. அதில் ஒன்று எங்கள் கல்யாணச் சட்டை. ஜூன் மாதத்தில் குளிர்கால மேலங்கி. அவருடைய அம்மாவின் புகைப்படம், சட்டத்தோடு.

எங்கே போவதாக இருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. பதினோரு சட்டையையும் இஸ்திரி போட்டு அலமாரியில் இருந்த இடத்திலேயே மாட்டினேன். புகைப்படத்தைத் துடைத்து ஆணியில் தொங்கவிட்டேன். ஐந்து வாரம் கழித்து நெவில் வீட்டுக்கு வந்தார். அலமாரியைத் திறந்தார், சட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உருளைக்கிழங்கு வெந்துடுச்சு, வந்து உக்காரு," என்றேன்.

வந்து உட்கார்ந்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த நாளுக்கு முன்னால் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். அதில் என் பிறந்தநாளுக்கு அவர் வீட்டில் இருந்தது மூன்று தடவை. இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு பிறந்தநாள்கூட தவறவில்லை. காலையில் குறுக்கெழுத்து, மதியம் வானொலி, சாயங்காலம் தொலைக்காட்சியில் யாராவது பழைய வீட்டை வாங்கிச் சுவரை இடிப்பார்கள், நாங்கள் இருவரும் அவர்களைத் திட்டுவோம். "இந்தச் சுவத்த இடிச்சா மாடி தலையில விழும்டா முட்டாளே," என்பார் நெவில். என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற, மகாராணி?" என்பார். இருபத்து நாலு வருஷத்தில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. அதனால்தான் சொல்கிறேன், எல்லாமே அவருடைய நன்மைக்காகச் செய்தது. லாரி ஓட்டுகிறவர்களுக்கு அறுபதுக்கு முன்னாலேயே இதயம் கெட்டுவிடும். இவருக்கு அறுபத்தொன்று, இதயம் நன்றாக இருக்கிறது.

மற்றவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து தசைப் பயிற்சிக்கு வரச் சொல்லி மூன்று கடிதம் வந்தது. மூன்று தடவையும் நான் தொலைபேசியில் கூப்பிட்டு, அவருக்கு வர விருப்பமில்லை என்று மரியாதையாகச் சொன்னேன். நெவில் அவ்வப்போது கேட்பார்.

"அந்தப் பயிற்சிக்காரங்க ஒண்ணும் எழுதலியா?"

"காத்திருக்கிறவங்க நெறைய பேராம்."

"மறந்துட்டாங்க போல."

"அப்படித்தான் இருக்கும்."

கொஞ்ச நேரம் சன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார். பிறகு குறுக்கெழுத்தில் ஐந்தெழுத்துப் பறவை எது என்று கேட்பார்.

டெஸ்மண்ட் என்று அவருக்கு ஒரு சிநேகிதன். தெருமுனையில் பட்டறை வைத்திருக்கிறான். நெவிலை அங்கே உட்கார்ந்து கணக்கு, சாமான் பட்டியல் பார்த்துக்கொள்ளச் சொல்லி வாரம் ஒரு தடவை வந்து நச்சரிப்பான். ராத்திரி போட வேண்டிய வலி மாத்திரையை, டெஸ்மண்ட் வரும் நாளில் மட்டும், நான் காலையில் கொடுப்பேன். மாத்திரை அதேதான், நேரம்தான் வேறு.

"என்ன அண்ணி, ஆளு ஈரத்துணி மாதிரி தொங்குறான்?"

"இன்னிக்கு முடியல அவருக்கு. நீ பிஸ்கட் சாப்பிடு."

நாலைந்து மாதத்தில் டெஸ்மண்ட் வருவதை நிறுத்திவிட்டான். பிஸ்கட் மிச்சமானது.

அடுத்து நடை. ஐம்பது மீட்டர் நிற்காமல் நடக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். எங்கள் வாசலிலிருந்து தபால் பெட்டி நாற்பத்தேழு மீட்டர். தையல் நாடாவை வைத்து அளந்தேன். நெவில் அப்போது அதுவரை நடந்து, அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்புவார், அதற்கு மேல் போகமாட்டார். அந்த மூன்று மீட்டருக்காக நான் சபையில் நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதக் காலையில் அவர் தபால் பெட்டியைத் தாண்டி, பட்டறைவரை போய், திரும்பி வந்தார். கன்னம் சிவந்திருந்தது. கதவைத் திறந்ததும் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். அதே சிரிப்போடு அவர் ஸ்பெயினுக்குக் கிளம்புவதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

அந்த வாரம் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. பதினாலாம் எண் வீட்டுக்காரர் தெருவில் ஜோராக நடக்கிறார், எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள், இவருக்கெல்லாம் எதற்கு உதவி என்று. கோப்பில் இருக்கும், பாருங்கள். பெரிய எழுத்து, கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருக்கும். இடது கையால் எழுதினால் அப்படித்தான் வரும். பக்கத்து ஊரான கிளீத்தார்ப்ஸ் போய் அங்கே தபாலில் சேர்த்தேன். இந்தப் பேனாவால் எழுதவில்லை.

அதில் இருந்ததும் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அவர் நடந்தார்.

உங்கள் ஆள் ஒருவர் வந்தார். நல்ல பையன், செருப்பைக் கழற்றவா என்று கேட்டான். இரண்டு மணி நேரம் விசாரித்துவிட்டு, தப்பொன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனான். ஆனால் நெவில் அதன் பிறகு வாசலைத் தாண்டவில்லை. பின்கட்டில் துணி எடுக்கக்கூட வரமாட்டார். திரைச்சீலையை நானே இழுத்துவிட்டேன்.

"எதிர்வீட்டு ஆட்ரிதான் இருக்கும்," என்றார். "என்னைப் பாத்துக் கையாட்டிக்கிட்டே எழுதியிருக்கா."

"யாரையும் தப்பாச் சொல்லாத," என்றேன். வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், அதையும் சொன்னேன்.

ஆட்ரி முப்பது வருஷமாகக் காலையில் பால் எடுக்கும்போது நெவிலுக்குக் கையாட்டுவாள். அவரும் ஆட்டுவார். அதற்கப்புறம் அவர் ஆட்டவில்லை. அவள் மட்டும் கொஞ்ச நாள் ஆட்டிக்கொண்டிருந்தாள். போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாள். "நெவிலுக்கு நான் என்ன பண்ணினேன், கிளெண்டா?" என்று அதற்கு முன்னால் ஒரு தடவை கடையில் வைத்துக் கேட்டாள். அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை என்றேன். யோசித்துப் பார்த்தால் அது ஒன்று பொய்தான். ஆனால் அது படிவத்தில் இல்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், திங்கட்கிழமை ஒன்று நடந்தது.

இந்தப் படிவத்தில் பழைய பதில்களையே பார்த்து எழுதலாம் என்று போன தடவை எடுத்த நகலைத் தேடினேன். இழுப்பறையில் இல்லை. நெவில் குளிக்கப் போயிருந்த நேரம், அவருடைய நாற்காலி மெத்தையைத் தட்டிப் போடத் தூக்கினேன். அடியில் இருந்தது. ஓரமெல்லாம் பென்சில்.

ஐம்பது மீட்டர் முடியாது என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில்: "முடியும். பின்கட்டில் பன்னிரண்டு சுற்று. செவ்வாய்." பால் டப்பாவுக்குப் பக்கத்தில்: "இரண்டு டப்பா. செவ்வாய்." கெட்டிலுக்கு: "முதலில் முக்காலி போட்டு. மார்ச்சிலிருந்து முக்காலி இல்லாமல்." பேனா பிடித்து எழுத முடியாது என்ற இடத்தில் பதில் எதுவும் எழுதவில்லை. தன் முழுப் பெயரையும் எட்டுத் தடவை எழுதிப் பழகியிருந்தார். முதல் இரண்டு கிறுக்கல். எட்டாவது அழகாக இருந்தது.

மூன்று வருஷச் செவ்வாய்க்கிழமைகள். நான் நூலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களுடைய மோசமான நாள்களை எழுதிக்கொண்டிருந்த நேரம், என் வீட்டில் இது நடந்திருக்கிறது. நான் திரும்பி வரும்போது நாற்காலியில் மூன்று தலையணையோடு இருப்பார்.

"நல்லாத் தூங்கினியா?"

"கட்டை மாதிரி."

என்னிடம் மறைத்தது வருத்தமாகத்தான் இருந்தது. இந்த வீட்டில் ஒன்பது வருஷத்தில் நடந்த ஒரே ஏமாற்று வேலை அதுதான்.

போன தடவை கடைசிக் கட்டத்தில் நான் இப்படி எழுதியிருந்தேன்: "நான் இல்லாமல் என் கணவருக்கு ஒரு நாளும் ஓடாது." அதற்குப் பக்கத்தில் அவர் முடியும் என்றும் எழுதவில்லை, முடியாது என்றும் எழுதவில்லை. ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். பென்சிலை அழுத்திக்கூடப் போடவில்லை.

நகலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அடுப்பில் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். அந்தக் கேள்விக்குறிக்கு என்ன பதில் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது.

இன்று காலை அவர் கேட்டார்.

"படிவம் வந்திருக்காமே?"

"வந்திருக்கு."

"எப்ப அனுப்பணும்?"

"நாளைக்குப் போய்ச் சேரணும்."

"ம்," என்றார். பேனாவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். இந்தத் தடவை "எழுது, எழுது" என்று சொல்லவில்லை.

ஆகவே முன்பக்கக் கேள்விகளை வெறுமையாக விட்டிருக்கிறேன். இந்தத் தாள்களை அனுப்பினால் நெவில் பட்டறைக்குப் போகலாம். மேல் பை வைத்த கோட்டு வாங்கலாம். பதினோரு சட்டையும் அலமாரியில் தயாராக இருக்கிறது. போனால் சாயங்காலம் திரும்பி வருவாரா என்று உங்கள் படிவத்தில் கேள்வி இல்லை. அது ஒரு குறை.

இப்போது என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால், எழுந்து நடக்க முடியுமா என்ற முதல் கேள்விக்கு நானே சாட்சியாகிவிடுவேன்.

காலடிச் சத்தம் என்னைக் கடந்து சமையலறைக்குப் போகிறது. அலமாரிக் கதவு. முக்காலி இழுக்கும் சத்தம் வரவில்லை. கெட்டில் இறங்குகிறது. தண்ணீர். பால் டப்பா மூடி. எவ்வளவு பால் இருந்தது என்று எனக்குத் தெரியும், அரை லிட்டருக்கு மேல்.

கோப்பையைக் கொண்டுவந்து என் இடதுபக்கம் வைத்தார். கொஞ்சம்கூடச் சிந்தவில்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். இரண்டு சர்க்கரை. நான் சர்க்கரையை விட்டு ஆறு வருஷமாகிறது. அவருக்கு எப்படித் தெரியும், இத்தனை வருஷமும் தேநீர் போட்டது நான்தானே.

எழுதி முடித்துக் கவிழ்த்து வைத்த தாள்களை எடுத்துப் படிக்கிறார், நின்றுகொண்டே. எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று இரண்டாம் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து தாள் படிக்கும்வரை. மூன்றாவது தாளில் ஆட்ரி இருக்கிறாள். அந்தத் தாளில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். சன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை விலக்கி எதிர்வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.

"தேத்தண்ணி ஆறுது," என்றார்.

"குடிக்கிறேன்."

என் பக்கத்தில் நிற்கிறார், நான் எழுதும் இந்த வரியையும் படித்துக்கொண்டுதான். கடைசி வரிகள் கோணலாக இருந்தால் மன்னிக்கவும். இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை.

கையை நீட்டியிருக்கிறார்.

"பேனாவக் குடு, கிளெண்டா."